மின்சுற்றுப் பலகைகளும் சோதனைக் கட்டணமும்: வாசகர் கேள்விகள்

மின்சுற்றுப் பலகைகளைத் தயாரிப்பாளரிடம் செய்து வாங்குவது குறித்து வந்த கடிதங்களில், சோதனைக்கென்று தனியாகக் கேட்கப்படும் கட்டணம் பற்றியவை இந்த இதழில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாங்கள் வடிவமைத்த ஒரு சிறு கருவிக்காக இரண்டடுக்குப் பலகைகள் 100 செய்து வாங்க இருக்கிறோம். தயாரிப்பாளர் அனுப்பிய விலைப்பட்டியலில் ‘மின்சோதனை’ என்று ஒரு தொகை தனியாகக் காட்டப்பட்டுள்ளது. வேண்டாம் என்றால் கழித்துவிடுவார்களாம். பலகையை ஒழுங்காகச் செய்து தருவது அவர்கள் கடமைதானே? அதற்கு நாங்கள் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

பதில்: கடமைதான். ஆனால் தாமிரத்தை அரித்துத் தடங்களை உருவாக்கும் இந்த வேலையில், எவ்வளவு நல்ல தொழிற்சாலையாக இருந்தாலும் ஒரு சிறு பங்கு பழுதாகவே வெளிவரும். தடத்தின் உருவைப் பதிக்கும் படலத்தில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டால் போதும், தடம் ஓரிடத்தில் அறுந்துவிடலாம். அல்லது அரிக்கப்படாமல் தங்கிவிட்ட தாமிர இழை ஒன்று பக்கத்துத் தடத்தோடு ஷார்ட் ஆக்கிவிடலாம். துளையின் உட்சுவரில் முலாம் படியாமல் போனால் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் தொடர்பே இருக்காது. இந்த மூன்று வகைப் பழுதுகளையும் பலகை உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பிரித்தெடுப்பதுதான் மின்சோதனையின் வேலை. ஆகவே நீங்கள் கொடுக்கும் தொகை பலகையை நன்றாகச் செய்வதற்கானது அன்று. சரியாக அமையாதவற்றை உங்களுக்கு அனுப்பாமல் இருப்பதற்கானது.

அவசியமா என்பதைப் பலகையின் விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதன் மேல் எதை ஏற்றப் போகிறீர்கள் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பலகை ஒன்றின் விலை 40 அலகு, அதில் பொருத்தும் பாகங்கள் 500 அலகு, பொருத்தும் கூலி 60 அலகு, சோதனைக் கட்டணம் பலகைக்கு 4 அலகு என்று கொள்க. நூற்றில் ஒரு பலகை பழுது என்றால், சோதிக்காமல் விட்டால் 100 பலகைகளுக்கு 600 அலகு இழப்பு. சோதித்தால் செலவு 400 அலகு. கொடுத்துவிடுவதே லாபம். அதே பலகையில் ஏறும் பாகங்கள் 80 அலகும் கூலி 30 அலகும் மட்டுமே என்றால் இழப்பு 150 அலகுதான். அதைத் தவிர்க்க 400 அலகு செலவிடுவது பொருளற்றது. பொதுவாகச் சொன்னால், முழுமையாகப் பொருத்திய பலகையின் மதிப்பைப் பழுதாகும் விகிதத்தால் பெருக்கி, வரும் தொகை சோதனைக் கட்டணத்தைவிட அதிகமா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கில் எளிதில் விடுபட்டுப்போகும் செலவு ஒன்று உண்டு: பழுதைத் தேடும் நேரம். புதிய வடிவமைப்பு இயங்கவில்லை என்றால் குறை வடிவமைப்பிலா, பொருத்துவதிலா, மென்பொருளிலா என்று தேடுவோமே தவிர, வெற்றுப் பலகையை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை. முதல் மாதிரியாக ஐந்தே பலகைகள் செய்யும்போதுகூட நான் சோதனைக்குப் பணம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். அந்தக் கட்டத்தில் சேமிக்கும் சில அலகுகள் ஒரு பொறியாளரின் முழு நாளை விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழுதான பலகைக்கு ஈடாகத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வேறு வெற்றுப் பலகையையோ அதன் விலையையோதான் தருவார்கள். அதில் நீங்கள் பொருத்திவிட்ட பாகங்களுக்குப் பொறுப்பேற்கமாட்டார்கள். சோதனைக்குப் பணம் கொடுத்தாலும் இந்த நிபந்தனை மாறுவது அரிது.

கேள்வி: சோதனைக் கட்டணம் செலுத்தித்தான் 50 பலகைகள் வாங்கினேன். ‘அனைத்தும் சோதிக்கப்பட்டவை’ என்று சான்றும் வந்தது. ஆனால் ஐம்பதிலும் மின்வழங்கல் தடமும் தரைத் தடமும் ஒரே இடத்தில் ஷார்ட் ஆகியுள்ளன. சோதிக்காமலே பணம் வாங்கிவிட்டார்களா?

பதில்: ‘ஐம்பதிலும்’, ‘ஒரே இடத்தில்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அங்கேயே இருக்கிறது. உற்பத்திப் பழுது பெரும்பாலும் ஒன்றிரண்டு பலகைகளில், வெவ்வேறு இடங்களில் வரும். எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் வருவது ஏறக்குறைய எப்போதும் நீங்கள் அனுப்பிய கோப்பிலேயே இருந்த பழுதாகத்தான் இருக்கும். அவர்கள் சோதித்திருக்கிறார்கள்; சோதனை தவறான விடைத்தாளோடு ஒப்பிட்டிருக்கிறது.

எந்தப் புள்ளி எதனோடு இணைந்திருக்க வேண்டும், எதனோடு இணையக் கூடாது என்பதைச் சோதனைக் கருவி நெட்லிஸ்ட் எனப்படும் இணைப்புப் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்கிறது. பலகையின் அடுக்குகளை உருவமாக வரைந்து காட்டும் கெர்பர் கோப்புகளையும் துளைக் கோப்பையும் மட்டும் நீங்கள் அனுப்பினால், தயாரிப்பாளரிடம் அப்படிப்பட்ட பட்டியல் எதுவும் இருக்காது. ஆகவே அவர், வரைபடத்தில் தாமிரம் எங்கெங்கே தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பார்த்துத் தாமே ஒரு பட்டியலை உருவாக்கிக்கொள்கிறார். கெர்பரிலேயே இரண்டு தடங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அவை இணைந்திருப்பதுதான் சரி என்று அந்தப் பட்டியல் சொல்லும், பலகையும் அப்படியே இருக்கும், சோதனையிலும் தேறிவிடும். உங்கள் வரைபடத்தைப் பிசகாமல் நகலெடுத்துத் தந்திருக்கிறார்கள் என்பதே அந்தச் சான்றின் பொருள்.

இதற்கு மாற்று நீண்ட காலமாகவே இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் ஐபிசி-டி-356 என்ற வடிவில் நெட்லிஸ்ட்டை ஏற்றுமதி செய்யும். அதைக் கெர்பரோடு சேர்த்து அனுப்பி, ‘உற்பத்திக்கு முன் இதனோடு ஒப்பிட வேண்டும்’ என்று குறிப்பில் எழுதிவிட வேண்டும். ஐபிசி-2581 போன்ற ஒருங்கிணைந்த வடிவில் அனுப்பினால் இணைப்புப் பட்டியல் கோப்புக்குள்ளேயே இருக்கும். அப்போது தயாரிப்பாளர் தாம் கெர்பரிலிருந்து எடுத்த பட்டியலையும் உங்கள் பட்டியலையும் முதலில் கணினியிலேயே ஒப்பிடுவார். முரண்பாடு இருந்தால் தாமிரத்தைத் தொடுவதற்கு முன்பே உங்களுக்குக் கேள்வி வரும். இந்த ஒப்பீட்டைப் பலர் கட்டணமின்றியே செய்து தருகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை, கட்டணம் செலுத்திப் பெற்ற சோதனையைவிட இந்த இலவச ஒப்பீடே பயன்பட்டிருக்கும்.

இனிக் கோப்பில் எங்கே தேடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் ஒரு தடத்தை நகர்த்திவிட்டு, தடங்களுக்கு இடையிலான இடத்தை நிறைக்கும் தாமிர நிரப்புப் பரப்பை மீண்டும் நிரப்பாமலே கெர்பர் எடுத்திருந்தால் இப்படி நேரும். தாமிர அடுக்கில் எழுதிய பதிப்பு எண்ணோ நிறுவனப் பெயரோ இரண்டு தடங்களின் மேல் படிந்திருந்தாலும் நேரும். ஓர் அடுக்கின் பழைய கோப்பு புதியவற்றோடு கலந்துவிடுவதும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: அனலாக் தரையையும் டிஜிட்டல் தரையையும் நீங்களே ஓரிடத்தில் வேண்டுமென்றே இணைத்திருந்தால், ஒப்பீட்டில் அதுவும் முரண்பாடாகவே தெரியும். அதை முன்கூட்டியே குறிப்பில் சொல்லாவிட்டால் உங்கள் ஆர்டர் காரணமின்றி நின்றுபோகும்.

கேள்வி: கேமரா மூலம் செய்யும் ஏஓஐ பரிசோதனை விலையிலேயே அடக்கம் என்கிறார்கள். அது இருக்கும்போது மின்சோதனையும் தேவையா?

பதில்: இரண்டும் வெவ்வேறு பழுதுகளைப் பிடிப்பவை. கேமரா, தாமிரத்தின் உருவத்தை வரைபடத்தோடு ஒப்பிடுகிறது. பாதி அகலத்துக்குக் கடிபட்ட தடத்தை அது காட்டிக்கொடுக்கும், மின்சோதனையோ அதைத் தேற்றிவிடும், ஏனெனில் மீதிப் பாதி வழியாக மின்சாரம் தடையின்றிப் போகிறது. ஆனால் துளைக்குள் முலாம் இருக்கிறதா என்பது கேமராவுக்குத் தெரியாது. இரண்டடுக்குப் பலகையில் துளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஏஓஐயை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நான்கு அடுக்கோ அதற்கு மேலோ என்றால் கேள்வியே இல்லை: உள்ளடுக்குகளைக் கேமரா பார்ப்பது அவற்றை ஒட்டி அழுத்துவதற்கு முன்புதான்; அழுத்திய பிறகு உள்ளே என்ன நேர்ந்தது என்பதை மின்சோதனைதான் சொல்ல முடியும்.

கேள்வி: 200 பலகைகளில் 20-ஐ மட்டும் சோதித்துத் தருவதாகவும், கட்டணம் பத்தில் ஒரு பங்குதான் என்றும் சொல்கிறார்கள். நியாயமாகத் தோன்றுகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: மாதிரிச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்தால் ஒப்புக்கொள்ளலாம். 200-இல் 4 பலகைகள் பழுது என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் 20-இல் அவற்றில் ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு ஏறத்தாழ 65 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது மூன்று முறையில் கிட்டத்தட்ட இரண்டு முறை ‘பழுதில்லை’ என்ற அறிக்கையே வரும், நான்கு பழுதான பலகைகளும் உங்களிடம் வந்து சேரும். இன்னும் மோசமான நிலையையும் கணக்கிடலாம்: 26 பலகைகள் பழுதாக இருந்தால்கூட, இருபதும் தேறிவிட 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

இதனால் மாதிரிச் சோதனை பயனற்றது என்று ஆகிவிடாது. மொத்தத் தொகுப்பும் கெட்டுவிட்டதா, முலாம் தொட்டியில் ஏதேனும் பெரிய கோளாறா என்பதை அது கண்டுபிடிக்கும். ஆங்காங்கே சிதறி வரும் ஒற்றைப் பழுதுகளைத்தான் கண்டுபிடிக்காது. மின்சோதனை தேடுவதோ பெரும்பாலும் இந்தச் சிதறிய பழுதுகளை. எனவே முலாமின் தடிமன் போன்று தொகுப்பு முழுவதற்கும் பொதுவான பண்புகளை மாதிரி எடுத்துச் சோதிப்பது நியாயம். ஓப்பன் (அறுந்த இணைப்பு), ஷார்ட் இரண்டையும் ஒவ்வொரு பலகையிலும் சோதிப்பதே நியாயம்.

எண்ணிக்கை கூடும்போது கட்டணம் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தால், சோதிக்கும் முறையைப் பற்றிக் கேளுங்கள். ஃப்ளையிங் புரோப் கருவியில் சில ஊசிகள் பலகையின் மேல் புள்ளிக்குப் புள்ளி நகர்ந்து தொடுகின்றன. தனிச் சாதனம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆனால் பலகைக்குச் சில நிமிடங்கள் ஆகும். பெட் ஆஃப் நெயில்ஸ் முறையில் உங்கள் பலகைக்கென்றே ஊசிகள் பதித்த தட்டு ஒன்று செய்யப்படுகிறது. அதற்கு முதலில் பெருந்தொகை ஆகும், பிறகு ஒவ்வொரு பலகையும் சில நொடிகளில் முடியும். தட்டுக்கு 3000 அலகும் அதன்பின் பலகைக்கு அரை அலகும், ஃப்ளையிங் புரோப்புக்குப் பலகைக்கு 4 அலகும் என்றால், ஏறத்தாழ 860 பலகைகளுக்கு மேல்தான் தட்டு லாபமாகும். வடிவமைப்பை மாற்றினால் தட்டு வீண் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 200 பலகைகளுக்கு, அதுவும் முதல் பதிப்புக்கு, ஃப்ளையிங் புரோப்பே போதும்.

கேள்வி: சோதிக்கப்பட்ட நான்கடுக்குப் பலகைகள்தான். பொருத்தியபோது நன்றாக இயங்கின. வெப்பமான இடத்தில் வைத்த கருவிகளில் சில, சில மாதங்களில் விட்டுவிட்டு இயங்கத் தொடங்கி, பின்பு நின்றுபோயின. பிரித்துப் பார்த்ததில் துளைகளின் உட்சுவர் விரிசல் கண்டிருக்கிறது என்கிறார்கள். சோதனையில் இது ஏன் தெரியவில்லை? எதற்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்?

பதில்: வழக்கமான மின்சோதனை கேட்கும் கேள்வி ‘இன்று இணைந்திருக்கிறதா?’ என்பது மட்டுமே. எவ்வளவு காலம் இணைந்திருக்கும் என்று அது கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. ஏன் என்பதை எண்களில் காண்பது எளிது. 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையின் சுவரில் 20 மைக்ரான் தாமிரம் இருந்தால், அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மில்லி ஓம். தாமிரம் பாதியாகக் குறைந்து 10 மைக்ரானே இருந்தால் மூன்று மில்லி ஓம். சோதனைக் கருவியோ பொதுவாகச் சில ஓம்களையோ அதற்கு மேலானதையோ எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் ‘இணைப்பு உள்ளது’ என்று ஏற்றுக்கொள்கிறது. மூன்று மில்லி ஓமுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வேறுபாடு அதன் கண்ணுக்கே படாது.

மெலிந்த சுவர் விரிசல் காண்பதற்குக் காரணம் வெப்பம். பலகையின் அடிப்பொருளான எஃப்ஆர்-4 (கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்தது) தடிமன் திசையில், தாமிரத்தைவிடப் பல மடங்கு அதிகமாக விரிகிறது. தாமிரம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு என்ற அளவில் விரியும்போது, எஃப்ஆர்-4 அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு விரியும். அதன் பிசின் இறுக்கம் தளர்ந்து மென்மையாகும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாண்டினால் இன்னும் பல மடங்கு. ஈயமற்ற சால்டரைக் கொண்டு பாகங்களைப் பொருத்தும்போது பலகை ஏறத்தாழ 245 டிகிரி செல்சியஸ் வரை சென்று திரும்புகிறது. முதல் இழுவை அங்கே. பின்னர் கருவி சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் சிறு இழுவை. போதிய தாமிரம் இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் சுவரின் நடுப்பகுதி சுற்றிலும் கிழிந்துவிடும். சூடாகும்போது தொடர்பு விட்டு, ஆறியதும் மீண்டும் சேர்வது இதன் தொடக்க அறிகுறி. ‘விட்டுவிட்டு இயங்கியது’ என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு பொருந்துகிறது.

ஆகவே உங்கள் பணம் போக வேண்டிய இடம் வேறு. முதலாவது, முலாமின் தடிமனை ஆர்டரிலேயே குறிப்பிடுவது. ஐபிசி-6012 தரநிலையில் இரண்டாம் வகுப்புப் பலகைகளுக்குத் துளைச் சுவரில் சராசரி 20 மைக்ரான், மூன்றாம் வகுப்புக்குச் சராசரி 25 மைக்ரான் தாமிரம் கேட்கப்படுகிறது. வகுப்பைக் குறிப்பிடாமல் விட்டால் தயாரிப்பாளர் தம் வழக்கப்படி செய்வார். பின்னர் வழக்காடுவதற்கும் அளவுகோல் இருக்காது. இரண்டாவது, குறுக்குவெட்டு அறிக்கை. பல பலகைகள் ஒன்றாகச் செய்யப்படும் பெரிய தகடான பேனலின் ஓரத்தில் அதே துளைகளோடு செய்யப்படும் சிறு சோதனைத் துண்டை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் தாமிரத்தை அளந்து படத்தோடு தருவார்கள். இது ஒவ்வொரு பலகைக்கும் செய்யப்படுவது அன்று, தொகுப்புக்கு ஒன்று. எனவே பலகைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பலகைக்கு விழும் செலவு குறையும். மூன்றாவதாக, நான்கு கம்பி முறையில் மில்லி ஓம் அளவில் அளக்கும் சோதனையும் உண்டு. விலை அதிகம், நேரமும் அதிகம். வாகனம், மருத்துவக் கருவி போன்றவற்றுக்கு அல்லாமல் அதைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் நிலையில் முதல் இரண்டும் போதும், கூடவே நிலைமாற்ற வெப்பநிலை உயர்ந்த பலகைப் பொருளையும் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பலகைகள் வந்த பிறகு மல்டிமீட்டரை வைத்து நானே சோதித்துக்கொண்டால் என்ன?

பதில்: மின்வழங்கலுக்கும் தரைக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பலகையிலும் பாருங்கள், ஒரு நிமிடமும் ஆகாது, பெரிய சேதத்தையும் தவிர்க்கும். அதற்கு மேல் கையால் முடியாது. 300 இணைப்புகள் உள்ள சிறு பலகையிலேயே, ஒவ்வொன்றும் மற்றவற்றிலிருந்து தனித்திருக்கிறதா என்று பார்க்க 44,850 இணைகளைத் தொட வேண்டியிருக்கும்.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு உண்மையிலேயே சோதித்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஊசி தொட்ட பட்டைகளில் (பாகங்களின் கால்கள் பொருந்தும் தாமிரப் பரப்புகளில்) நுண்ணிய குழிகள் இருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடியில், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் இருக்க வேண்டும் என்பதில்லை, தடத்தின் முனைகளில் இருந்தால் போதும். சில தயாரிப்பாளர்கள் தேறிய பலகையில் முத்திரை குத்துவார்கள். சான்றிதழில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காமல், எத்தனை இணைப்புகள், எந்த மின்னழுத்தத்தில், எந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு என்பதைக் கேளுங்கள். உண்மையில் சோதித்தவருக்கு இதைத் தருவதில் சிரமம் இருக்காது. பல பலகைகள் சேர்ந்த பேனலாக வாங்கினால் இன்னொன்றையும் முன்பே முடிவு செய்யுங்கள். பேனலில் ஒன்றிரண்டு பலகைகள் தேறாவிட்டால் அவற்றின் மேல் பெருக்கல் குறியிட்டு அப்படியே அனுப்புவது வழக்கம். பொருத்தும் இயந்திரம் அந்தக் குறியை அறியாமல் அவற்றிலும் பாகங்களை வைத்துவிட்டால், சோதனைக்குக் கொடுத்த பணத்தின் பயன் அங்கேயே போய்விடும். அத்தகைய பேனல்கள் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள்.

கேள்வி: பாகங்களைப் பொருத்தியும் தரும் நிறுவனத்திடம் கொடுக்கிறோம். வெற்றுப் பலகைக்குச் சோதனை செய்தாகிவிட்டது. பொருத்திய பிறகும் எக்ஸ்ரே, இயக்கச் சோதனை என்று இரண்டு கட்டணங்கள் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டுமா?

பதில்: முதல் சோதனை இதற்குக் கைகொடுக்காது, சால்டர் இணைப்புகள் அப்போது பிறக்கவே இல்லை. எக்ஸ்ரே தேவையா என்பது பாகங்களைப் பொறுத்தது. பிஜிஏ போல அடிப்பகுதியில் இணைப்புகள் மறைந்திருக்கும் பாகம் ஒன்றாவது இருந்தால் வேண்டும், ஏனெனில் கேமராவால் அங்கே எட்டிப் பார்க்க முடியாது. எல்லாக் கால்களும் வெளியே தெரியும் பாகங்கள் மட்டும் என்றால் கேமராப் பரிசோதனை போதும். எக்ஸ்ரே கட்டணத்தை மறுத்துவிடலாம்.

இயக்கச் சோதனைக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அதில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். உங்கள் பலகை சரியாக இயங்குவது எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை எழுதித் தர வேண்டியவர் நீங்கள்தான். எந்தப் புள்ளியில் எவ்வளவு மின்னழுத்தம், எந்த வரம்புக்குள், எந்த மென்பொருளை ஏற்றி, எந்த விடை வந்தால் தேறியது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தராவிட்டால், மின்சாரம் கொடுத்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு அந்தச் சோதனை முடிந்துவிடும். ஊசிகள் தொடுவதற்கான சோதனைப் புள்ளிகளும் பலகையில் இருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் முக்கியமான ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி ஒன்றை, எல்லாம் ஒரே பக்கத்தில் அமையும்படி வைத்துவிடுங்கள். சோதனைத் தட்டு செய்யும் செலவு அதனால் கணிசமாகக் குறையும், கட்டணத்தைப் பேசிக் குறைக்கவும் உங்களுக்கு இடம் கிடைக்கும்.